கடைசிப் பன்னிரண்டு நிமிடங்கள்

இந்தப் படம் தேறாது என்று முதல் கால் மணி நேரத்திலேயே எனக்குள் சொல்லிக்கொண்டேன். வாய் திறந்து சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் நியேவெஸ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு வருஷம் காத்திருந்து வந்தவளின் காதில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் போட மாட்டார்கள். நீங்களும் போட்டிருக்க மாட்டீர்கள், மேடம்.

வாக்குமூலத்தை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். என் பெயர் ஆம்பாரோ செர்தான். வயது நாற்பத்தொன்று. பத்திரப் பதிவு அலுவலகத்தில் பழைய கையெழுத்துப் பத்திரங்களைப் படித்துப் பிரதி எடுக்கும் வேலை. மங்கிப்போன எழுத்தைப் படித்துச் சொல்வதில் என்னை மிஞ்ச அங்கே ஆள் இல்லை என்பார்கள். நியேவெஸும் நானும் ஒரே பள்ளிக்கூடம். அவள் அம்மா இறந்த பிறகு ஒரே வீடு. அவள் டாக்ஸி நிலையத்தில் போன் எடுக்கிறாள். நம் ஊர் ஹலாப்பாவில் எந்தத் தெரு எங்கே வளைகிறது, எங்கே மழைத் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் கண் உள்ள டிரைவர்களுக்கு அவள்தான் சொல்லித் தருகிறாள்.

'ஏழு நிலாக்கள்' முதல் படத்தை நாங்கள் பதினைந்து வயதில் பார்த்தோம். நீங்கள் பார்த்ததில்லை என்றீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கிரகத்துக்கு ஏழு நிலாக்கள். கேப்டன் தாரிஸ் தன் தங்கை இல்வாவை அந்த நிலாக்களில் ஏதோ ஒன்றில் தொலைத்துவிடுகிறாள். ஒவ்வொரு படத்திலும் ஒரு நிலாவுக்குப் போய்த் தேடுகிறாள். ஆறு படங்கள், ஆறு நிலாக்கள், தங்கை எங்கும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு நிலா. எங்களைப் போன்றவர்களுக்கு அது சினிமா மட்டும் இல்லை. எங்கள் பதினைந்தாவது வயதில் தொலைந்த ஒருத்தியை நாற்பத்தொன்று வரைக்கும் தேடியிருக்கிறோம்.

மூன்று படங்களை நியேவெஸ் தன் கண்ணால் பார்த்தாள். இருபத்தைந்து வயதில் அந்த விபத்து. சோளம் ஊற வைக்கும் சுண்ணாம்பு. கொதிக்கும் பானையில் அவள் அம்மா ஒரு கட்டியைப் போட்டார், அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், பொங்கிக் கண்ணில் தெறித்தது. அதற்குப் பிறகு அவளுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். பால் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ நடமாடுகிற மாதிரி என்பாள்.

நாலாவது படத்திலிருந்து நான் பார்த்துச் சொன்னேன். அது லேசான வேலை இல்லை. கடைசி வரிசையில் ஓரத்து இருக்கை. ஸ்பானிஷில் குரல் கொடுத்த பிரதிதான் வேண்டும். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே ஆறேழு சொற்கள்தான் போகும். அந்த ஆறேழு சொற்களில் வானமும் முகமும் தூரமும் வந்துவிட வேண்டும். நாலாவது படத்தை நான் உள்ளது உள்ளபடி சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதில் கப்பலின் நிறத்தை மட்டும் மாற்றினேன். அவர்கள் அதற்கு மருந்து டப்பாவின் மஞ்சளைப் பூசியிருந்தார்கள். நான் பழைய நீலம் என்றேன். அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த மூச்சு என் காதில் பட்டது.

இப்போது ஏழாவது. போன அக்டோபர் கடைசியில் வந்தது. தாரிஸ் முதல் வசனம் பேசியதுமே நியேவெஸின் விரல்கள் இறுகின.

"யாருடி இது?"

"தாரிஸ்தான்."

"இது அவ குரல் இல்லையே."

ஆறு படங்களுக்கும் ஒரே பெண்தான் தாரிஸுக்கு ஸ்பானிஷ் குரல் கொடுத்திருந்தார். கண் உள்ளவர்களுக்குத் தாரிஸ் ஒரு முகம். நியேவெஸுக்கு அவள் அந்தக் குரல்தான். அதை மாற்றிவிட்டிருந்தார்கள். காரணம்கூடச் சொல்லவில்லை. நான் திரையைப் பார்த்தேன். தாரிஸின் கழுத்து பளிங்கு மாதிரி இருந்தது.

"கழுத்துல பெரிய தழும்பு," என்றேன். "காதுலேர்ந்து மாருவரைக்கும். அதுல குரல் போயிருக்கு."

நியேவெஸ் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "பாவம்" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் கேட்கவில்லை. அந்தப் புதுக் குரலை அப்போதே மன்னித்துவிட்டாள்.

பாதிப் படத்தில் தாரிஸ் ஒரு பழைய பதிவேட்டைத் திறக்கிறாள். திரையில் எழுத்து மட்டும் வருகிறது, குரல் இல்லை. இல்வா என்று யாரும் பிறக்கவே இல்லை, அந்த நினைவு தாரிஸின் மூளையில் வைக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. இருபத்தாறு வருஷம், மேடம். எனக்கு முன்னால் இருந்த ஆள் எழுந்து போய்விட்டான். நியேவெஸ் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். "இல்வா ஏழாவது நிலாவில் இருக்கிறாள்" என்று படித்தேன். சத்தம் போடாமல் அழத் தொடங்கினாள்.

கடைசிப் பன்னிரண்டு நிமிடங்களில் பேச்சே கிடையாது, இசை மட்டும்தான். திரையில் என்ன நடந்தது என்பதை உங்களிடம் சொல்லத் தடையில்லை. தாரிஸ் ஏழாவது நிலாவைத் தூரத்திலிருந்தே வெடிக்கச் செய்துவிட்டுப் போய்விடுகிறாள். பிறகு ரோமம் வைத்த ஒரு பொம்மைப் பிராணி வந்து கை ஆட்டுகிறது. அடுத்த கதை அதைப் பற்றியதாம். நான் நியேவெஸிடம் சொன்னது வேறு. கப்பல் இறங்குகிறது, கறுப்பு மணல், தாரிஸ் காலணியைக் கழற்றுகிறாள், முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கிறாள், குனிந்து தண்ணீருக்குள் கையை விடுகிறாள். அடியிலிருந்து இன்னொரு கை வந்து பிடிக்கிறது. வெடிச் சத்தம் கேட்டபோது அலை என்றேன். சுற்றிலும் பெருமூச்சும் முணுமுணுப்பும். எல்லாரும் அழுகிறார்கள் என்றேன். வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. அவள் குடை வேண்டாம் என்றாள். இருபத்தாறு வருஷத்தில் எந்தப் படத்துக்கும் அவள் முகம் அப்படி இருந்ததில்லை. அந்த முகத்தை யாராவது பார்த்திருந்தால் இன்று நான் இங்கே உட்கார வேண்டியிருக்காது.

அதற்கடுத்த வாரம் மரித்தோர் நாள். எங்கள் ரசிகர் குழு மாதாமாதம் சோலேயின் சாப்பாட்டுக் கடையில் கூடும். இந்த முறை படத்துக்கு இழவு கொண்டாடுவது என்று தீர்மானித்திருந்தார்கள். கூட்டம் தள்ளிப்போய்விட்டது என்று நியேவெஸிடம் சொல்லிவைத்திருந்தேன். சோலேயே டாக்ஸியில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் ஏறிக்கொண்டேன்.

படையல் மேஜையில் சாமந்திப் பூ, மெழுகுவத்தி, ஒரு தம்ளர் தண்ணீர், மரித்தோர் ரொட்டி, நடுவில் படத்தின் விளம்பரத் தாள், அதன் மூலையில் கறுப்பு ரிப்பன். செத்த மனுஷனுக்குச் செய்கிற எல்லாவற்றையும் செய்திருந்தார்கள். மெழுகுவத்திக்குப் பக்கத்தில் எவரிஸ்தோ தன் டிக்கெட்டை வைத்தார். அவர் பௌதிக வாத்தியார், குழுவுக்குத் தலைவர். முதல் படத்துக்குத் தன் அப்பாவோடு போனவர். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "நம்மை விட்டுப் பிரிந்தது ஒரு படமல்ல, ஒரு வாக்குறுதி" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிஜமாகவே அழுதுவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

"அழாதீங்க வாத்தியாரே," என்றாள் சோலே. "எட்டு வருஷம் தட்டை ஏந்திக்கிட்டு நின்னோம், கடைசியில பொம்மையை வச்சுட்டான். நாளைக்கு அதையே கடையில விப்பான். நீங்களே மொத ஆளா போயி வாங்குவீங்க."

"வாங்குவேன்தான்," என்றார் அவர். "எங்க போறது? எனக்கு வேற நிலா தெரியாதே."

அப்படித்தான் ஒரு மணி நேரம் போனது. ஒருத்தர் குரல் மாறியதைச் சொல்லிப் புலம்பினார், ஒருத்தர் பொம்மையை வைதார். நியேவெஸ் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். அது எப்படி என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், நீங்களும் இந்த ஊர்தான். மரித்தோர் நாளில் நமக்குப் பிடித்தவர்களைத்தான் கேலி செய்வோம். உயிரோடு இருக்கும் அண்ணனுக்கு இரங்கல் பாட்டு எழுதி, அவன் எப்படிச் செத்தான் என்று அவன் முன்னாலேயே படிப்போம். யாருக்குப் பாட்டு எழுதவில்லையோ அவன்தான் வருத்தப்படுவான். அதனால் அவ்வளவு வசவையும் நியேவெஸ் அன்பு என்றே எடுத்துக்கொண்டாள். எனக்கு அது வசதியாக இருந்தது. இப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு இரங்கல் பாட்டுகளின் முறை வந்தது. குழுவில் அதில் கெட்டிக்காரி நியேவெஸ்தான். கடைசியாகப் படிப்பது எப்போதும் அவள்தான். எழுந்து நின்று மனப்பாடமாகச் சொன்னாள்.

மரணக் கிழவி தாரிஸின் வாசல் வந்தாளாம்,
கழுத்துத் தழும்பைக் கண்டதுமே கண்ணீர் விட்டாளாம்,
தண்ணீருக்குள் தங்கையின் கை தாவிப் பிடிக்கையில்
வந்த வேலை மறந்துபோய் வீடு சென்றாளாம்.

கை தட்டலுக்காக நின்றாள். ஒருவரும் தட்டவில்லை.

"எந்தத் தழும்புடி?" என்றாள் சோலே.

"கழுத்துல. காதுலேர்ந்து. நீ என்னத்தப் பார்த்தே? பாதியில தூங்கிட்டியா?"

சோலே என்னைப் பார்த்தாள். எவரிஸ்தோ காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நியேவெஸம்மா," என்றார், "தழும்பு இல்ல. தண்ணியும் இல்ல. அந்தப் பொண்ணு வரவே இல்ல படத்துல."

நியேவெஸ் என் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள், என்னிடம் இல்லை, அவர்களிடம். நாலாவது படத்தில் கண்ணாடி மழை பெய்ததே? பெய்தது என்றார்கள். ஐந்தாவதில் நீலக் கப்பல்? மஞ்சள், என்றார் எவரிஸ்தோ. ஆறாவதில் குகைச் சுவரில் இல்வா சின்ன வயசில் வரைந்த பறவைகள்? இல்லை. தாரிஸ் அந்தப் பறவைகள் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு தூங்கியது? இல்லையம்மா. அன்று அந்த அறையில் எல்லாரும் ஒரு படத்துக்காகத்தான் துக்கம் கொண்டாட வந்திருந்தார்கள். அவளுக்கு மட்டும் மூன்று போயின. எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. நல்லவர்கள்தான், ஆனால் ஒரு மனுஷியிடமிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்ற அளவு அவர்களுக்குத் தெரியவில்லை.

அன்று அவள் சோலே வீட்டில் தங்கினாள். மறுநாள் நான் அலுவலகத்தில் இருந்தபோது இருவரும் வந்து அவளுடைய காகிதப் பெட்டியை எடுத்துப் போயிருக்கிறார்கள். இப்போது கைபேசியைக் காகிதத்துக்கு மேலே பிடித்தால் அதுவே படிக்கிறது. அதற்கு எங்கே நிறுத்த வேண்டும், எதை மெல்லச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் தெரியாது. மின் கட்டணம், அவள் அம்மாவின் இறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரிக் கடிதம், எல்லாவற்றையும் ஒரே குரலில் படித்துவிடும்.

அந்தக் கடிதங்கள் உங்கள் மேஜையில் இருக்கின்றன. ஆம், அவற்றை அவளுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். கருவிழிக்கு மேல் இருக்கும் அந்தக் கண்ணாடித் தோலை மாற்றுவதற்கு அவள் பெயர் பட்டியலில் இருந்தது. 'பொறுமையாகக் காத்திருக்கவும்' என்று ஒவ்வொரு தடவையும் படித்தேன். முதல் மூன்று கடிதங்களில் அப்படித்தான் இருந்தது. கடைசிக் கடிதத்தில், இரண்டு தடவை போனில் அழைத்தும் வராததால் பெயரை நீக்கிவிட்டோம் என்று இருந்தது. கிழித்துப் போட்டிருக்கலாமே என்று சோலே கேட்டாளாம். அவை நியேவெஸின் காகிதங்கள், மேடம். அடுத்தவர் காகிதத்தைக் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த போன் எண் என்னுடையது. பெயர் பதிந்தபோது அவளிடம் கைபேசி இல்லை. முதல் அழைப்பு ஒரு வியாழக்கிழமை வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால், ஆறாவது படம் வெளியாவதற்கு முதல் நாள். கண் கிடைத்திருக்கிறது, நாளை காலை ஆறு மணிக்கு வெராக்ரூஸ் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நியேவெஸ் முற்றத்தில் தலையைத் துவட்டிக்கொண்டு படத்தின் பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தோம். ஆறாவது படம் சுமார் என்று முன்கூட்டிப் பார்த்தவர்கள் எழுதியிருந்தார்கள். கண் திறந்ததும் அவள் பார்க்கப் போவது அதுவாகவா இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நோயாளிக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்றார்கள்.

இரண்டாவது அழைப்பு மூன்று வருஷம் கழித்து. அந்த வருஷம் படம் எதுவும் வரவில்லையே என்று போன வாரமே கேட்டீர்கள். வரவில்லை. அதைப் பற்றி நிறைய யோசித்தேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டிவியில் ஐந்தாவது படத்தைப் போட்டு அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கால்களை என் மடியில் நீட்டியிருந்தாள். நீலக் கப்பல் மேகத்திலிருந்து இறங்குகிற இடம். எழுந்து சமையலறைக்குப் போய்ப் பேசினேன். மோன்தெர்ரேயில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள், எப்போது வருவாள் என்று தெரியாது என்றேன். திரும்பி வந்தேன். யாருடி என்றாள். தப்பான நம்பர் என்றேன். கப்பல் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். நீ இல்லாமல் அது இறங்குமா, அங்கேயே நிற்கிறது என்றேன். சிரித்தாள். கால்களை மறுபடியும் என் மடியில் வைத்தாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். அவள் மனதில் எனக்கு இன்னும் இருபத்தைந்து வயது. என் பல் உடைந்தது, தலை நரைத்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவளுடைய உலகம் முழுக்க எவ்வளவு நன்றாக வைக்கப்பட்டிருந்தது என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் நரம்பு பட்டுப்போய்விட்டதாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று சான்றிதழில் எழுதியிருக்கிறார். வெளிச்சமும் நிழலும்கூட இப்போது குறைந்துகொண்டு வருகிறதாம். எனக்கு அது தெரியாது. அவள் என்னிடம் சொல்லவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், அவளும் என்னிடம் சிலவற்றை மறைத்திருக்கிறாள்.

துணிமணி எடுக்க ஒரே ஒரு முறை வீட்டுக்கு வந்தாள். சோலே வாசலிலேயே நின்றாள். நியேவெஸ் கேட்டது இரண்டே கேள்விகள்.

"அந்த மொதப் போன் எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"காலைல பத்தே முக்காலுக்கு."

"அப்ப நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

"தலை துவட்டிக்கிட்டிருந்தே," என்றேன். "வெயில் அடிச்சுது."

வெயில் அடித்தது உண்மை. அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. கதவு நிலையைத் தடவிக்கொண்டு தானே படியிறங்கிப் போனாள். நான் கையை நீட்டினேன். அது அவளுக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இரண்டு அழைப்புகளுக்கும் பொய் சொன்னது நான்தான். கடைசிக் கடிதத்தை மாற்றிப் படித்ததும் நான்தான். யாரும் தூண்டவில்லை, யாரும் கூட இல்லை. அவளுக்குப் பார்வை கிடைக்காமல் செய்தவள் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். புகார் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டதாகச் சொல்கிறீர்கள். வெளி நடையில் சோலேயோடு உட்கார்ந்திருப்பது அவள்தான் என்று எனக்குத் தெரியும், இருமலை வைத்தே தெரிந்துகொண்டேன். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று என்கிறீர்கள். அந்தக் கடைசிப் பன்னிரண்டு நிமிடங்களை நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் இருப்பது இருக்கிறபடி ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். வெடித்த நிலா, அந்தப் பொம்மை, எல்லாவற்றையும். எவரிஸ்தோ ஏற்கனவே சொல்லிவிட்டாராமே என்றேன். "மத்தவங்க சொன்னது போதும், அவ வாயால கேக்கணும்" என்றாளாம். சொல்லிவிட்டால் எழுந்து போய்விடலாம், இந்தக் காகிதங்களை நீங்கள் மூடிவிடுவீர்கள்.

யோசித்துப் பார்த்தேன், மேடம். சிறைக்குப் போகச் சொன்னால் போகிறேன், வீட்டை அவள் பெயருக்கு எழுதச் சொன்னால் எழுதுகிறேன். இது மட்டும் வேண்டாம். அவ்வளவு மோசமான ஒன்றைச் சொல்லி அவள் மனதை உடைக்க என்னால் முடியாது.